மூளைத்தண்டைத் தொடுவதற்கு முன்

(மன்னார் கட்டுக்கரைப் பகுதி மக்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஜேர்மனியில் 1898 ஜூலையில் ஃபெடோர் க்ரௌஸ என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஓயாத காதிரைச்சலால் தவித்த ஒரு நோயாளியின் செவிநரம்பை வெட்டப் புகுந்தார். செவிநரம்பும் முகநரம்பும் மண்டைக்குள்ளே ஒட்டிக்கொண்டுதான் ஓடுகின்றன. எது எது என்று கண்ணால் பிரித்தறிவது கடினம். க்ரௌஸ மெல்லிய மின்னோட்டத்தால் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். நோயாளியின் முகம் துடித்தது. பக்கத்தில் முகநரம்பு இருக்கிறது என்பதை அந்தத் துடிப்புச் சொன்னது.

அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தத் துடிப்பைக் கவனிக்க இருந்த கருவி மனிதக் கைதான். மூடிய துணிக்குக் கீழே ஒரு தாதியோ மயக்கமருந்து உதவியாளரோ நோயாளியின் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கன்னம் அசைந்தால் குரல் கொடுப்பார். எட்டு மணித்தியாலம் நடக்கிற ஒப்பரேசனில் அந்தக் கை எத்தனை அசைவைத் தவறவிட்டிருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. தசையின் மின்துடிப்பை நேரடியாகப் பதிவு செய்யும் முறையை 1979இல் டெல்காடோவும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட பிறகே அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்தது. 1991 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, செவிநரம்புக் கட்டியை அகற்றும்போது முகநரம்பைக் கண்காணிப்பதன் பயன் தெளிவாக நிறுவப்பட்டுவிட்டது என்று அறிவித்தது.

இந்தப் பேச்சு அந்தத் துடிப்பையும், வெட்டுவதற்கு முன்னர் எடுக்கிற படத்தையும் பற்றியது. படம் ஒரு கேள்விக்கு விடை தருகிறது: நோய் எங்கே இருக்கிறது? நரம்பு இன்னொன்றுக்கு விடை தருகிறது: இந்த நிமிடம் எல்லாம் வேலை செய்கிறதா? இரண்டும் சில வேளை பொய் சொல்லும். ஒன்றின் பொய்யை மற்றது பிடித்துக்கொடுக்கிறது. மூளைத்தண்டுச் சத்திரசிகிச்சை முன்னைவிடப் பாதுகாப்பானது என்றால், புதிய மெஷின்கள் வந்ததைக் காட்டிலும் இந்தப் பரஸ்பரச் சோதனைதான் அதற்குக் காரணம்.

மூளைத்தண்டு என்பது மேலே மூளையையும் கீழே முண்ணாணையும் இணைக்கும் பகுதி. நீளம் 7, 8 சென்ரிமீற்றர்தான். நடுமூளை, பாலம், நீள்வளைய மையவிழையம் என்று பாடப்புத்தகம் மூன்றாகப் பிரிக்கும். கையையும் காலையும் அசைக்கும் கட்டளை இறங்குவதும், தொடுகையும் நோவும் ஏறுவதும் இதன் வழியாக. கண்ணை அசைக்கிற, முகத்தைச் சுழிக்கிற, விழுங்குகிற, பேசுகிற நரம்புகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் விழிப்பும் இதன் பொறுப்பில். பெருமூளையில் ஒரு சென்ரிமீற்றர் அளவைச் சில இடங்களில் எடுத்தாலும் மனிதர் அதே மனிதராக எழும்புவார். இங்கே இரண்டு மில்லிமீற்றர் விலகினால் ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாமல் போகலாம். அதனால் நெடுங்காலம் மூளைத்தண்டுக்குள் இருக்கிற எதையும் தொடக்கூடாது என்பதே ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொன்ன பாடம்.

ஓர் இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். சிறுமூளையை மெல்ல விலக்கினால், பாலத்தின் முதுகுப் பக்கம் வைர வடிவத்தில் பளபளவென்று ஒரு தரை தெரியும். நாலாம் மூளையறையின் தரை அது. நடுக்கோட்டின் இரு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு மேடு. முகநரம்பின் நார்கள் உடனே வெளியே வராமல், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு கிளம்பும் கருவைச் சுற்றி ஒரு வளைவு போட்டுவிட்டுத்தான் வருகின்றன. அந்த வளைவுதான் மேடாகத் தெரிகிறது. அதில் கத்தி பட்டால் முகமும் கண்ணும் ஒன்றாகப் போகும். ஜப்பானின் கியோஷிமாவும் அவருடைய குழுவினரும் 1993இல், இந்த மேட்டுக்கு மேலேயும் கீழேயும் நுழையத்தக்க இரண்டு முக்கோணங்களை அளந்து வரைந்து வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அந்த முக்கோணங்களைப் பாடமாக்கிக்கொண்டார்கள்.

முகநரம்பு போனால் என்ன, முகம் கொஞ்சம் கோணும், அவ்வளவுதானே என்று கேட்பவர் உண்டு. கண்ணிமை மூடாது என்பதை அவர் மறந்துவிடுகிறார். பேசாலையிலோ தலைமன்னாரிலோ காற்றும் மணலும் உப்பும் சேர்ந்து வீசும் மாதங்களில் மூடாத ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதை எண்ணிப் பார்க்கட்டும். பகலில் கண்மருந்தும் கறுப்புக் கண்ணாடியும், இரவில் களிம்பு பூசி இமையை இழுத்து ஒட்டும் ரேப்பும். ஒட்ட மறந்த சில இரவுகளே கருவிழியில் புண் வரப் போதும். விழுங்க உதவும் ஒன்பதாம், பத்தாம் நரம்புகள் போனவருக்கு இதைவிடப் பாடு. கஞ்சி தொண்டையில் இறங்காமல் மூச்சுக்குழாய்க்குள் போகும், நிமோனியா வரும், மூக்கு வழியே குழாயிட்டு ஊட்ட வேண்டிவரும். நரம்பைக் காப்பது என்றால் இதையெல்லாம் காப்பது.

இனிப் படத்துக்கு வருவோம். உலகின் முதலாவது சி.ரி. மூளை ஸ்கான் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி இலண்டனில் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய அந்த இயந்திரம் மூளை வைத்தியத்தையே மாற்றியது உண்மை. மூளைத்தண்டைப் பொறுத்தவரை அது பாதிக்கண்தான். உட்காதைச் சூழ்ந்த எலும்பு உடம்பிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. அதன் நடுவே எக்ஸ்-கதிர் சிதறி, வேண்டிய இடத்திலேயே படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் பாலத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாகக் காண முடிந்தது.

கண்டதை எல்லாம் நம்பலாமா? கவர்னோமா என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சுவருள்ள சின்ன இரத்தக்குழாய்கள் ஒன்றுசேர்ந்த முடிச்சு அது, புற்றுநோய் அல்ல. ஆனால் கசியும். கசிந்த இரத்தத்தின் இரும்புச் சத்து சுற்றிலும் படிந்து நிற்கும். எம்.ஆர்.ஐ.யில் இரும்பைக் காட்டும் ‘வரிசை’, அதாவது படமெடுக்கும் முறை, ஒன்று உண்டு. கவர்னோமாவைக் கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இரும்பு இருக்கும் இடத்தை அது உண்மையைவிடப் பெரிதாக ஊதிக் காட்டும். முடிச்சு மூளைத்தண்டின் மேற்பரப்பை எட்டிவிட்டது, மெல்லிய தோல் கூட மூடியிருக்கவில்லை என்று அந்தப் படம் சொல்லும். நம்பித் திறந்தால் இரண்டு மில்லிமீற்றர் நல்ல திசு குறுக்கே கிடக்கும். மேற்பரப்பை எட்டியதா என்பதைத் தீர்மானிக்க வேறு வரிசையில் எடுத்த படத்தையே பார்க்க வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே நோயாளி, இரண்டு விடைகள்.

கவர்னோமாவுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு விகாரமான நாளமும் இருக்கும். பார்ப்பதற்கு நோயின் பகுதி போலவே தோன்றும். முற்காலத்தில் அதையும் சேர்த்து அகற்றியவர்கள் உண்டு. பாலம் வீங்கி நோயாளி மோசமானார். கட்டுக்கரைக் குளத்தடியில் வயல் செய்பவருக்கு இது உடனே பிடிபடும். வரம்போரம் கோணலாகப் பாசி பிடித்து ஓடும் வாய்க்கால் ஒன்று வீணாகக் கிடக்கிறதே என்று மண்போட்டு மூடினால், அடுத்த மழைக்கு மேல்வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகும். அது மேல்வயலின் வடிகால். அந்த நாளமும் அப்படித்தான்: நல்ல மூளையின் இரத்தத்தை வடித்துக்கொண்டு போகிறது. முடிச்சை மட்டும் எடுத்து நாளத்தை விட்டுவிட வேண்டும். அது எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே காட்டுவது மருந்து ஏற்றி எடுக்கிற எம்.ஆர்.ஐ.

நரம்பு நார்களின் போக்கையே வரைந்துகாட்டும் வித்தை ஒன்றும் இப்போது உண்டு. நீர் மூலக்கூறுகள் நார் வழியே எளிதாகவும் குறுக்கே கடினமாகவும் பரவும். அந்த வேறுபாட்டை அளந்து கணக்கிடும் முறையை 1994இல் பீற்றர் பாஸரும் கூட்டாளிகளும் முன்வைத்தனர். இன்று வைத்தியசாலைக் கணினியில் நீலம், பச்சை, சிவப்பு என்று நார்க்கட்டுகள் அழகாக விரியும். கையை அசைக்கிற கட்டு நோயால் இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் வலப்பக்கமாக நுழையலாம் என்று முடிவெடுக்க அது உதவும். அழகுக்கு மயங்கிவிடவும் கூடாது. நேரில் எடுத்த படம் அல்ல அது, கணக்குப் போட்டு வரைந்தது. நார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்களில் கணக்குத் தடுமாறும். வீக்கம் இருந்தால் இருக்கிற நாரையே இல்லை என்று சொல்லும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் வெளியிட்ட கருக்குழந்தை மூளையின் முப்பரிமாணத் தொகுப்பு இந்த வேறுபாட்டை உணர்த்தும். 5,132 மெல்லிய வெட்டுகளைக் கல மட்டத்தில் படம்பிடித்துச் சேர்த்தது அது. உயிரோடு இருக்கிற நோயாளிக்கு எடுக்கும் ஸ்கான் அந்த நுணுக்கத்துக்குக் கிட்டவும் வராது.

படம் இடத்தைக் காட்டும். நோயின் பெயரைச் சொல்லாது. இந்தப் பாடத்தை நம் பக்கத்து வைத்தியம் உலகுக்குச் சொன்ன கதை வேலூருடையது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டொக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த டொக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். கொழும்பில் 1950களில் டொக்டர் ஷெல்ரன் கப்ரால் தொடங்கினார். ஜேக்கப் சாண்டி மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளியை விழித்திருக்க வைத்து, மூளையை மின்சாரத்தால் தொட்டு, என்ன உணர்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அறுத்தவர் பென்ஃபீல்ட்.

அந்தத் துறை தொடங்கி நாற்பத்தாறு வருடம் கழித்து, 1995இல், அதே வேலூரிலிருந்து வேதாந்தம் ராஜசேகரும் ஜேக்கப் சாண்டியின் மகன் மத்தேயு சாண்டியும் ‘ஜேர்னல் ஒஃப் நியூரோசேர்ஜரி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளைத்தண்டில் திரள் தெரிந்த 71 நோயாளிகளுக்கு, தலையில் சட்டகம் பொருத்தி, சி.ரி. ஸ்கான் காட்டும் வழியில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறு துண்டு எடுத்த அனுபவம் அது. படத்தைப் பார்த்தே புற்றுநோய் என்று தீர்த்து நேரே கதிர்ச்சிகிச்சைக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் காலத்தில் மேல்நாடுகளில் பரவலாக இருந்தது. நம் நாடுகளில் அது ஆபத்து. காசநோய்க் கட்டி இங்கே மூளைத்தண்டிலும் வரும். மாதக்கணக்கில் மாத்திரை குடித்தால் கரைந்துபோகக்கூடிய அதைப் புற்றுநோய் என்று எண்ணிக் கதிர் கொடுத்துவிட்டால் என்ன ஆவது? வளர்ந்தவர்களுக்கு இந்த ஊசிச் சிகிச்சையை அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து நடத்தலாம். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். அவருடைய பேச்சும், கேட்டவுடன் தூக்கிக் காட்டும் கையும்தான் அங்கே கண்காணிப்பு. பென்ஃபீல்டின் வகுப்பறையிலிருந்து வந்த வழி அது என்று சொன்னால் மிகையாகாது.

முழு மயக்கத்தில் கிடக்கிறவரோடு பேசுவது எப்படி?

ஒப்பரேசன் தியேட்டருக்குள் போவோம். நோயாளி மயங்கிய பிறகு, கத்தி எடுப்பதற்கு முன்னரே ஒரு மணித்தியால வேலை நடக்கும். கண்ணைச் சுற்றிய தசை, வாயைச் சுற்றிய தசை, நாக்கு, தோள் என்று ஒவ்வொரு இடத்திலும் மயிர்போன்ற இரண்டிரண்டு ஊசிகள் செருகப்படும். மூச்சுக்காகத் தொண்டையில் இடும் குழாயிலேயே மின்வாய் இருக்கும். குரல்நாண் அசைந்தால் அது பிடிக்கும். காதில் சின்னப் பஞ்சு அடைப்பான். அதன் வழியே ‘டிக் டிக்’ என்று விடாமல் ஒலி போகும், செவிநரம்பு அதை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகும் நேரம் அளக்கப்படும். ஒரு ஒலியின் எதிரொலி மிகச் சிறியது என்பதால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அலை தெரியும். ஐந்தாவது அலை ஒரு மில்லிசெக்கன் பிந்தினாலோ பாதியாகத் தேய்ந்தாலோ அபாய அறிவிப்பு. உச்சந்தலையில் மின்துடிப்புக் கொடுத்துக் கைகாலின் அசைவைச் சோதிப்பதும் உண்டு. கொடுக்கும்போது உடம்பு ஒரு தரம் உதறும், தாடை இறுகும். அதனால் பற்களுக்கிடையே மென்மையான கட்டை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நாக்குக் கடிபட்டுவிடும். அந்த உதறலுக்கு முன் கண்காணிப்பவர் குரல் கொடுப்பார். சத்திரசிகிச்சை நிபுணர் கையை எடுத்துவிடுவார்.

நாலாம் அறையின் தரை தெரிந்தவுடன் மின்முனை ஒன்றால் மெல்லிய மின்னோட்டத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்து தரையைத் தடவுவார்கள். எங்கே மிகக் குறைந்த மின்னோட்டத்துக்குக் கன்னம் துடிக்கிறதோ அங்கேதான் முகநரம்பின் கரு. நியூயோர்க்கில் மொரோட்டா, டெலெற்றிஸ், எப்ஸ்ரைன் முதலானோர் 1995இல் இதை வெளியிட்டபோது கியோஷிமாவின் முக்கோணங்களுக்குச் சோதனை வந்தது. கட்டி வளர்ந்து தரையைத் தள்ளியிருக்கும்போது மேடு இருக்க வேண்டிய இடத்தில் மேடு இல்லை. கரு மேலேயோ கீழேயோ நகர்ந்து கிடந்தது. புத்தகத்திலுள்ள முக்கோணம் நோயில்லாத மூளைக்கு வரைந்தது. நோயாளியின் மூளைக்கு உரிய வரைபடத்தை அந்த மேசையில்தான் வரைய வேண்டும்.

அறையில் ஒலிபெருக்கி ஒன்று இருக்கும். முகத்தசையின் மின்துடிப்பைக் காதால் கேட்கலாம். நரம்பைத் தொட்டால் ‘பட பட’வென்று சின்ன வெடிப்பு, உடனே அடங்கும், கவலையில்லை. உயர்ந்த சுருதியில் இழுத்துக்கொண்டே போகும் இரைச்சல் வேறு. ஜேர்மனியின் எர்லாங்கனில் ரோம்ஸ்ரொக் குழுவினர் 2000ஆம் ஆண்டில் அதைப் பிரித்து ‘ஏ-றெயின்’ என்று பெயரிட்டனர். பிறகு வரும் முகவாதத்தோடு தொடர்புடையது அதுதான் என்று காட்டினர். அதைக் கேட்டால் கை நிற்கும். இழுவை தளர்த்தப்படும், இளஞ்சூட்டு உப்புநீர் ஊற்றப்படும், சில நிமிடம் காத்திருப்பார்கள். மயக்கமருந்து வைத்தியரின் மொனிட்டரும் ஒரு நரம்புக் கண்காணிப்புத்தான்: பத்தாம் நரம்பின் அருகே கை போனால் நெஞ்சுத் துடிப்பு திடீரென்று விழும். ஊசிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே சத்திரசிகிச்சை நிபுணரை நிறுத்தி வைத்த சத்தம் அது.

நரம்பும் பொய் சொல்லும் என்று முன்னர் சொன்னது இதற்குத்தான். கூரிய கத்தரியால் சுத்தமாக வெட்டுப்பட்ட நரம்பு சில வேளை சத்தமே போடாது. யாரோ தசைதளர்த்தி மருந்தைக் கொடுத்துவிட்டால் ஒலிபெருக்கி அமைதியாக இருக்கும். எல்லாம் நல்லபடி என்று தோன்றும். சுவாசிக்கும் மயக்கவாயு அதிகமானால் உச்சந்தலைத் துடிப்புக்குக் கைகால் பதில் சொல்லாது. அதனால்தான் இத்தகைய ஒப்பரேசன்களில் வாயுவை விட்டு நாளத்தில் ஏற்றும் மயக்கமருந்தை விரும்புகிறார்கள். அடிபட்ட இடத்துக்கு வெளிப்பக்கம் நரம்பைத் தொட்டால் கன்னம் துடிக்கத்தான் செய்யும். மூளைத்தண்டை ஒட்டிய வேர்ப்பக்கம் தொட்டுத் துடித்தால்தான் நரம்பு முழுதாக இருக்கிறது என்று பொருள். மயக்கமருந்து வைத்தியரும் கண்காணிப்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசாத தியேட்டரில் இந்தக் கருவிகள் வெறும் அலங்காரம்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஸ்பெற்ஸ்லரின் குழு, உலகிலேயே அதிக அனுபவம் உள்ள குழுக்களில் ஒன்று, 260 பெரியவர்களின் மூளைத்தண்டுக் கவர்னோமா முடிவுகளை 2011இல் வெளியிட்டது. பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு புதிய குறைபாடு ஏதோ வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலானோருக்கு அது நிலைத்தது. கேட்கக் கலக்கமாகத்தான் இருக்கும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016இல் ‘லான்செற் நியூரோலொஜி’யில் 1,620 பேரைத் தொகுத்து வந்த ஆய்வின்படி, மூளைத்தண்டில் கவர்னோமா இருந்து ஏற்கெனவே கசிவு அல்லது குறைபாட்டோடு வந்தவருக்கு ஐந்து வருடத்துக்குள் மீண்டும் கசியும் வாய்ப்பு 30.8 சதவீதம். மூளையின் வேறு இடத்தில், கசியாமல், வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த படத்தில் தெரிந்தவருக்கு அது 3.8 சதவீதம் மட்டுமே. முதல் வகையினருக்கு, அதுவும் நோய் மேற்பரப்பை எட்டியிருந்தால், கத்தி நியாயமாகலாம். தற்செயலாகத் தெரிந்தவரை விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்ல வைத்தியம். சிறுவர்களின் பாலத்தில் பரவும் புற்றுநோயைக் கத்தியால் எடுக்க எந்தக் கருவியாலும் முடியாது. அங்கே ஊசித் துண்டும் மருந்தும் கதிரும்தான்.

மன்னாரில் இருந்து இந்த நோயோடு புறப்படுகிறவர் யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ கொழும்போ போகவேண்டும். வசதியுள்ளவர் சிலர் சென்னைக்கும் வேலூருக்கும் போகிறார்கள். இரட்டையாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் விழுவது, விழுங்கும்போது புரையேறுவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது திடீரென்று ஒன்றாக வந்தால் தாமதிக்கக் கூடாது. கிளினிக்கில் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு, மூன்றுதான்: நோய் மேற்பரப்பை எட்டியிருக்கிறதா, எந்த வரிசைப் படத்தில்? ஒப்பரேசன் நடந்தால் எந்த நரம்புகளைக் கண்காணிப்பார்கள், திரைக்கு முன்னால் அமர்வது யார்? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன? கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை; நல்ல வைத்தியர் இதற்கெல்லாம் விடை வைத்திருப்பார்.

போகும்போது அறிக்கைத் தாளையும் இரண்டு ஃபிலிமையும் மட்டும் கொண்டுபோவது நம்மவர் வழக்கம். நூற்றுக்கணக்கான படங்களில் இரண்டை யாரோ தெரிவுசெய்து அச்சிட்டது அந்த ஃபிலிம். அதை வைத்து நார்க்கட்டை வரையவும் முடியாது, தியேட்டர் வழிகாட்டிக் கருவிக்குள் ஏற்றவும் முடியாது. முழு ஸ்கானும் உள்ள இறுவட்டைக் கேட்டு வாங்கவேண்டும், பழையதையும் சேர்த்து. முதற்கசிவின்போது எடுத்த படமும் சில வாரம் கழித்து எடுத்ததும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரத்தம் கரைந்து சுருங்கி வருகிறதா, புதிதாகக் கசிந்திருக்கிறதா என்பதை வைத்தியர் அந்த இடத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.